நினைவுத்தாயின் ஒன்பது மகளிர்



கவிஞன் பாடுகிறான், சிற்பி கல்லிலே உருவம் காண்கிறான், நாடக ஆசிரியன் என்றோ மறைந்த மாந்தரை நம் கண்முன் நடமாட விடுகிறான். இவ்வாற்றல் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? பிறவியிலேயே அமைந்ததா? பயிற்சியால் வந்ததா? அன்றி, ஒரு தெய்வம் மனமிரங்கி அருளியதா? இவ்வினாவைப் பல கோணங்களிலிருந்து கேட்டு, ஒன்றோடொன்று மாறுபட்ட விடைகளைக் கண்டு, அவற்றைக் கதைகளாகவும் காவியங்களாகவும் தத்துவ உரையாடல்களாகவும் உலகுக்கு விட்டுச் சென்றவர்கள் பண்டைக் கிரேக்கர். அவ்விடைகளுள் ஒன்று என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதனையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இது புலவர்களுக்கு மட்டும் உரிய வினா என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் எழும் வினா இது. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலந்தொட்டுத் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நாள் வரை, என் காதில் ஓயாமல் ஒலித்த வழக்கு ஒன்று உண்டு. “செய்யுட்களை நெட்டுருப் போடுவதால் பிள்ளைகளின் கற்பனை கருகிப்போகிறது; மனப்பாடத்தை விட்டொழியுங்கள்” என்பர் ஒரு சாரார். “மனத்திலே ஒன்றும் இல்லாத பிள்ளை எதைக்கொண்டு கற்பனை செய்யும்?” என்பர் மற்றொரு சாரார். இன்றோ, விரல் நுனியால் தொட்டால் எத்தனையோ நூல்கள் கைப்பேசித் திரையில் வந்து நிற்கின்றன. “இனி நினைவுக்கு என்ன வேலை, ஐயா?” என்று மாணவனே கேட்கிறான். ஏறத்தாழ இருபத்தேழு நூற்றாண்டுகளுக்கு முன் ஆடு மேய்த்த ஒருவர் பாடிய பாட்டில் இக்கேள்விக்கு விடை இருக்கிறது.

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில் பியோஷியா என்றொரு நிலப்பரப்பு உண்டு. அங்கே ஹெலிக்கன் என்னும் மலை. அதன் அடிவாரத்தில் ஆஸ்கிரா என்னும் சிற்றூர். வறுமைக்கு அஞ்சிச் சின்ன ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு குடியானவர் அங்கே குடியேறினார். அவருடைய மகன்தான் ஹெசியட் என்னும் கவிஞர். கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்தவர். ‘தெய்வங்களின் பிறப்பு’ என்று பொருள்படும் பெயருடைய தம் நூலின் தொடக்கத்தில், தாம் கவிஞரான வரலாற்றை அவர் கூறுகிறார். ஹெலிக்கன் மலைச்சாரலில் அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாராம். அப்போது மியூசுகள் எனப்படும் கலைமகளிர் அவர்முன் தோன்றினராம். வயிற்றைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்று மேய்ப்பர்களை அவர்கள் முதலில் ஏசினராம். பிறகு ஓர் ஒளிமிக்க லாரல் மரக்கிளையைக் கோலாகத் தந்து, தெய்வக் குரலை அவருள்ளே ஊதி, வந்ததையும் வருவதையும் பாடுமாறு பணித்தனராம்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் நம் கருத்துக்கு உரியன. முதலாவது, அக்கலைமகளிர் ஹெசியட்டிடம், தங்களுக்கு மெய்யைச் சொல்லவும் தெரியும், மெய்போலத் தோன்றும் பொய்யைச் சொல்லவும் தெரியும் என்று வெளிப்படையாகவே கூறிவிடுகிறார்கள். கலையின் இயல்பை இதனினும் நேர்மையாக உரைத்த தெய்வங்கள் உண்டோ, அறியேன்! இரண்டாவது, கலைமகளிர் தமக்குப் பாட்டை ‘அருளினர்’ என்று ஹெசியட் சொல்லியிருக்கலாம். அவர் அங்கே ஆளும் வினைச்சொல்லோ ‘கற்பித்தனர்’ என்பது. ஆசிரியர் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அச்சொல் இனிப்பதில் வியப்பில்லை. தெய்வமே வந்தாலும் கற்பிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பின்னர் ஹெசியட் கால்கிஸ் என்னும் நகரில் நடந்த ஒரு போட்டியில் பாடி வென்று, கைப்பிடிகள் உடைய முக்காலி ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அப்போட்டிக்காக ஒரு சிறு நீரிணையைக் கடந்ததே தம் வாழ்வின் ஒரே கப்பற் பயணம் என்றும் அவர் எழுதுகிறார். பரிசைத் தம் வீட்டிற்குக் கொண்டுசெல்லாமல், கலைமகளிர் முதன்முதல் தமக்குக் கற்பித்த அதே மலையில் அவர்களுக்கே காணிக்கையாக வைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழித்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசேனியாஸ் என்னும் பயணி ஹெலிக்கன் மலைக்குச் சென்றபோது, ஹெசியட்டின் முக்காலி என்று சொல்லி ஒரு பழைய முக்காலியை அங்கே காட்டியிருக்கிறார்கள்.

இனி, இக்கலைமகளிரின் பெற்றோர் யாவர் என்று பார்ப்போம். தந்தை, தேவர்களின் வேந்தனாகிய ஸீயஸ். தாயின் பெயர் நெமோசினி. அச்சொல்லுக்கு ‘நினைவு’ என்பதே பொருள். வானுக்கும் மண்ணுக்கும் பிறந்த மூத்த தெய்வங்களுள் அவள் ஒருத்தி. ஒலிம்பஸ் மலையை அடுத்த பியரியா என்னும் இடத்தில் ஸீயஸ் அவளோடு ஒன்பது இரவுகள் கூடியிருந்தான் என்றும், அதன் பயனாக ஒன்பது மகளிர் பிறந்தனர் என்றும் ஹெசியட் கூறுகிறார். கிளையோ, யூட்டர்ப்பி, தாலியா, மெல்பொமினி, டெர்ப்சிக்கோரி, எராட்டோ, பாலிம்னியா, யுரேனியா, கலியோப்பி என்பன அவர்களின் பெயர்கள். கிளையோவுக்கு வரலாறு, மெல்பொமினிக்கு அவல நாடகம், யுரேனியாவுக்கு வானநூல் என்று ஆளுக்கொரு துறை வகுத்தது பிற்காலத்தவர் செயல். ஹெசியட்டின் பாட்டில் ஒன்பதின்மரும் ஒரே குரலில் பாடும் உடன்பிறந்தார்.

நேயர்களே, இக்குடும்ப வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கலைக்குத் தாய் அழகு என்று கிரேக்கர் சொல்லியிருக்கலாம். காதல் என்று சொல்லியிருக்கலாம். கனவு என்றும் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லாமல் நினைவு என்று சொன்னார்கள். ஏன்? கிரேக்கர் தம் நெடுங்கணக்கைப் பினீசியரிடமிருந்து பெற்று எழுதத் தொடங்கியது ஏறத்தாழ கி.மு. எட்டாம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் அவர்களிடம் எழுத்து வழக்கொழிந்து கிடந்தது. முன்னோர் பெயர், போர்கள், தெய்வங்களின் வழிமுறை, உழவு செய்யும் பருவம் ஆகிய அனைத்தும் பாடகனின் நெஞ்சிலேதான் இருந்தன. அவன் மறந்தால் ஊரே மறந்துவிடும். ஆதலின் நினைவு அவர்களுக்கு உயிர்நிலையாக இருந்தது.

இங்கே ஒரு நயத்தையும் குறிப்பிட வேண்டும். நினைவின் மக்களாகிய இம்மகளிர் செய்யும் பெரிய நன்மை யாது தெரியுமா? மறதி தருவது! துன்பங்களை மறக்கச் செய்யவும் கவலைகளுக்கு ஓய்வு தரவுமே அவர்கள் பிறந்தனர் என்கிறார் ஹெசியட். புதுத்துயரால் நெஞ்சுலர்ந்து கிடப்பவன்கூட, பாணன் பழம்புகழைப் பாடக் கேட்டால் தன் துயரை மறந்துவிடுகிறானாம். அதே பியோஷியா நாட்டில், லெபடியா என்னும் ஊரில் டிரோபோனியஸ் என்பவனின் குறிகேட்கும் குகை ஒன்று இருந்தது. அதனுள் இறங்குபவன் முதலில் மறதி நீரைப் பருக வேண்டும். அதுவரை மனத்தை அலைத்த எண்ணங்கள் அகலுவதற்காக. அடுத்து நினைவு நீரைப் பருக வேண்டும். உள்ளே காண்பது நெஞ்சில் நிற்பதற்காக. முன்னே சொன்ன பாசேனியாஸ் தாமே இறங்கிப் பார்த்து இதனை எழுதிவைத்திருக்கிறார். ஒரு நல்ல வகுப்பறைக்கும் இவ்விரண்டு நீரும் வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

ஹெசியட்டை விட்டு ஹோமரிடம் வருவோம். இலியட்டும் ஒடிசியும் கலைத்தெய்வத்தை அழைத்தே தொடங்குகின்றன. ஆனால் இலியட்டின் இரண்டாம் பகுதியில், டிராய் நகருக்கு வந்த கப்பற்படைகளைப் பட்டியலிடப் புகும்போது கவிஞர் மீண்டும் ஒருமுறை கலைமகளிரை அழைக்கிறார். அங்கே அவர் அழகிய சொற்களை வேண்டவில்லை, செய்திகளைத்தான் வேண்டுகிறார். தெய்வங்களாகிய அவர்கள் எங்கும் இருந்து யாவற்றையும் நேரில் கண்டவர்கள். மனிதர்களோ வெறும் செவிவழிச் செய்தியை மட்டும் கேட்டவர்கள். எனவே படைத்தலைவர்களின் பெயர்களை நினைவூட்ட வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நினைவின் மகளிரிடம் வேறு எதனைக் கேட்பது?

அதே பட்டியலின் நடுவே தாமிரிஸ் என்னும் பாடகனின் கதை வருகிறது. கலைமகளிரே எதிர்த்துப் பாடினாலும் தான் வெல்வதாக அவன் செருக்கிப் பேசினான். அவர்கள் சினந்து அவனை ஊனமாக்கி, பாட்டைப் பறித்து, யாழ் மீட்டும் திறனையும் மறக்கச் செய்துவிட்டனர். பாடகனுக்கு வாய்க்கக்கூடிய பெருந்தண்டனை மறதியே என்பது இக்கதையின் உட்பொருள். ஒடிசியில் வரும் டெமோடோக்கஸ் என்னும் பாடகனின் நிலையோ வேறு. கலைத்தெய்வம் அவனிடம் அன்பு கொண்டு, கண்களை எடுத்துக்கொண்டு இனிய பாட்டைக் கொடுத்தது. தன் எதிரில் அமர்ந்திருக்கும் விருந்தினன் ஒடிசியஸ் என்று அறியாமலே, டிராய்ப் போரை நேரில் கண்டவன்போல அக்குருடன் பாடுகிறான். போரை நேரில் நடத்திய ஒடிசியஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான்.

ஒடிசியில் மற்றொரு பாடகனும் உண்டு; பீமியஸ் என்பது அவன் பெயர். ஒடிசியஸ் தன் பகைவரைக் கொன்று குவிக்கும் வேளையில் அவன் காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். கேட்கும்போது தன்னைப் பற்றி அவன் கூறும் சான்று வியப்பானது. தானே பயின்றவன் என்கிறான். தன் நெஞ்சில் பல்வகைப் பாட்டு நெறிகளை ஊன்றி வளர்த்தது தெய்வம் என்றும் அதே மூச்சில் கூறுகிறான். தானே கற்றது என்றால் தெய்வம் எதற்கு? தெய்வம் தந்தது என்றால் கற்றல் எதற்கு? நமக்கு முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் அவனுக்கு முரணாகத் தோன்றவில்லை. ஹோமரும் இதனை விளக்க முற்படவில்லை. பீமியஸ் உயிர் பிழைக்கிறான்.

இம்முரணுக்கு ஓரளவு விளக்கம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில். மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை அன்றைய யுகோஸ்லாவிய நாட்டில் சுற்றி, எழுத்தறிவில்லாத நாட்டுப்புறப் பாடகர்களின் வீரகாவியப் பாடல்களைப் பதிவு செய்தார். ஹோமரின் காவியங்கள் எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்று அறிவதே அவருடைய நோக்கம். அவர் கண்ட பாடகர்களுள் தலைசிறந்தவர் அவ்தோ மெதெதோவிச் என்னும் முதிய குடியானவர். அவர் 1935-ஆம் ஆண்டில், 12,000 அடிகளுக்கு மேற்பட்ட காவியம் ஒன்றைத் தம் நினைவிலிருந்தே சொல்லி எழுதுவித்தார். ஒடிசியின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே.

பாரி அவரைச் சோதிக்கவும் செய்தார். அவ்தோ அதற்கு முன் கேட்டிராத ஒரு பாட்டை வேறொரு பாடகரைக்கொண்டு அவர்முன் பாடச் செய்தார். ஏறத்தாழ 2,300 அடிகள் கொண்ட பாட்டு அது. முடிந்ததும், “உம்மால் இதனைப் பாட முடியுமா?” என்று கேட்டார். அவ்தோ பாடினார், பாட்டு 6,300 அடிகளாக வளர்ந்து நின்றது! நிகழ்ச்சிகளின் வரிசை மாறவில்லை. ஆனால் மாந்தரின் மனநிலை, குதிரையின் அணிகலன், வீரனின் தயக்கம் எல்லாம் புதிதாகப் பூத்திருந்தன. காலமெல்லாம் கேட்டு நெஞ்சில் சேர்த்த சொற்றொடர்களும் காட்சிகளும் அவரிடம் நிறைந்திருந்தன. அவற்றைக்கொண்டு அந்த நேரத்திலேயே அவர் புதிது புனைந்தார். நினைவு என்பதைச் சரக்குகளைப் பூட்டிவைக்கும் அறை என்று நாம் நினைக்கிறோம். அவ்தோவிடம் அது விதைநெல்லாக இருந்தது. பீமியஸ் கூறியதன் பொருளும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பயிற்சி அவனுடையது, பயின்றவை நினைவில் ஊறி, வேண்டிய நேரத்தில் தாமே எழுந்து வருவது தெய்வச் செயலாக அவனுக்குத் தோன்றியது.

இக்கொள்கைக்கு எதிர்வழக்கு ஆடியவரும் கிரேக்கரிடையே இருந்தார். அவர் எளியவர் அல்லர், பிளேட்டோவே அவர். ‘அயோன்’ என்னும் சிறு உரையாடலில், ஹோமரின் பாடல்களை மேடையில் ஓதிப் பரிசு பெறும் அயோன் என்பவனைச் சாக்ரட்டீஸ் மடக்குகிறார். ஹோமரைப் பற்றி அழகாகப் பேசும் அவன், வேறு கவிஞரைப் பற்றிப் பேச்சு வந்தால் தூங்கிவிடுகிறானாம். அவனிடம் இருப்பது கலையறிவு என்றால் எல்லாக் கவிஞரையும் பற்றிப் பேச முடிய வேண்டுமன்றோ? அதற்குச் சாக்ரட்டீஸ் கூறும் காரணம் காந்தக்கல். காந்தம் ஓர் இரும்பு வளையத்தை இழுக்கிறது. அவ்வளையம் இன்னொன்றை இழுக்கிறது. இவ்வாறு ஒரு சங்கிலி தொங்குகிறது. கலைத்தெய்வம் காந்தம், கவிஞன் முதல் வளையம், ஓதுபவன் இடை வளையம், கேட்பவன் கடைசி வளையம். கவிஞன் பாடும்போது அவனுடைய அறிவு அவனிடம் இருப்பதில்லை. தெய்வமே அவன் வாயிலாகப் பேசுகிறது. இதற்குச் சான்றாக, கால்கிஸ் நகரத்து டின்னிக்கஸ் என்பவனைச் சாக்ரட்டீஸ் காட்டுகிறார். அவன் இயற்றியவற்றுள் நினைவுகூரத்தக்கது ஒரே பாட்டு. அதுவோ எல்லாரும் பாடும் மிகச் சிறந்த பாட்டு!

இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எழுதும்போது தன்னையும் மீறி ஏதோ ஒன்று வந்தது என்று கூறாத கலைஞர் சிலரே. எனினும், சாக்ரட்டீசின் புகழுரைக்குள் ஓர் அம்பு மறைந்திருக்கிறது. அறிவின்றிப் பாடுபவனிடம் அறிவுரை கேட்கலாமா என்பதே அந்த அம்பு. பின்னாளில் ‘குடியரசு’ என்னும் நூலில் அவர் தம் இலட்சிய நகரின் வாயிலைப் பெரும்பாலான கவிதைக்கு அடைத்துவிடுகிறார். அதே பிளேட்டோதான் ‘பீட்ரஸ்’ என்னும் உரையாடலில், எழுத்தைக் கண்டுபிடித்துப் பெருமை கொண்ட ஓர் எகிப்தியத் தெய்வத்தின் கதையைச் சொல்லுகிறார். இக்கலை மாந்தரின் நினைவை வளர்க்கும் என்று அத்தெய்வம் கூற, எழுத்தை நம்பி அவர்கள் நினைவைப் பழக்காமல் விடுவர், மறதியே வளரும் என்று அரசன் மறுக்கிறானாம். கைப்பேசியைப் பற்றி நாம் இன்று பேசுவதை எழுத்தைப் பற்றி அன்றே பேசியிருக்கிறார்கள்! அக்கதையை நாம் அறிவது பிளேட்டோ அதனை எழுதிவைத்ததனால்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, பழங்கதை புதுக்கலையைத் தோற்றுவித்த முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. மன்னன் அகமெம்னானை அவன் மனைவி கொன்றாள். மகன் ஒரஸ்டீஸ் அயல்நாட்டில் வளர்ந்து, பழிவாங்கத் திரும்பி வருகிறான். தமக்கை எலெக்ட்ரா அவனுக்காகக் காத்திருக்கிறாள். ஏதென்ஸ் நகரில் நாடகம் பார்க்க வந்த மக்கள் இக்கதையை நன்கு அறிவர். அறிந்த கதையையே மூன்று பெருங்கவிஞர்கள் எடுத்தாண்டனர். தம்பியைத் தமக்கை எவ்வாறு அடையாளம் கண்டாள் என்ற ஒரு காட்சியை மட்டும் பார்ப்போம்.

கி.மு. 458-இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் நாடகத்தில், தந்தையின் கல்லறைமேல் கிடந்த மயிர்க்கற்றை தன் கூந்தலை ஒத்திருப்பதையும், அங்குள்ள காலடிச் சுவடு தன் அடியை ஒத்திருப்பதையும், பின்னர்த் தான் நெய்த துணி தம்பியிடம் இருப்பதையும் கண்டு எலெக்ட்ரா தெளிகிறாள். யூரிப்பிடீசின் நாடகத்தில் ஒரு முதியவர் அதே மூன்று அடையாளங்களையும் சொல்லுகிறார். எலெக்ட்ரா அவரை எள்ளுகிறாள். மற்களத்தில் வளர்ந்த ஆண்மகனின் மயிரும் சீப்பால் வாரிய பெண்ணின் மயிரும் ஒத்திருக்குமா? பாறை நிலத்தில் சுவடு பதியுமா? குழந்தைப் பருவத்தில் உடுத்த உடை உடலோடு சேர்ந்து வளருமா? இவை அவளுடைய கேள்விகள். இறுதியில் ஒரஸ்டீசின் புருவத்தருகே உள்ள பழைய தழும்பே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. தழும்பு என்றதும் அவையோருக்கு ஒடிசியசின் கால் தழும்பும், அதனை அடையாளம் கண்ட முதிய செவிலியும் நினைவுக்கு வந்திருப்பர். சோபக்கிளீசோ வேறு வழி சென்றார். தம்பி இறந்தான் என்ற பொய்ச் செய்தியை நம்பி, சாம்பற்கலத்தை மார்போடு அணைத்து எலெக்ட்ரா கதறுகிறாள். அவள் யாருக்காக அழுகிறாளோ அவனே எதிரில் நிற்கிறான். பொறுக்க மாட்டாமல் தந்தையின் முத்திரை மோதிரத்தைக் காட்டித் தன்னை வெளிப்படுத்துகிறான்.

பழைய கதையை அவையோர் அறியாதிருந்தால் யூரிப்பிடீசின் எள்ளல் யாருக்குப் புரிந்திருக்கும்? சோபக்கிளீசின் வெற்றுக்கலம் யாருடைய நெஞ்சைப் பிளந்திருக்கும்? புதுமை விளங்குவதற்கும் பழமையின் நினைவு வேண்டும். அந்நினைவு கவிஞனுக்கு மட்டும் இருந்தால் போதாது. கேட்கும் மக்களுக்கும் இருத்தல் வேண்டும்.

சிற்பத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஒன்பது கலைமகளிருள் சிற்பத்துக்கோ ஓவியத்துக்கோ உரியவள் ஒருத்தியும் இல்லை. கைத்தொழில் வல்லார்க்கு அதீனாவும் ஹெபீஸ்டஸும் தெய்வங்கள். எனினும், கிரேக்கச் சிற்பிகளுள் பெரும்புகழ் பெற்ற பீடியாஸ், ஒலிம்பியாவில் தந்தத்தாலும் பொன்னாலும் ஸீயஸின் மாபெரும் திருவுருவை அமைத்தபோது, அதற்கு மாதிரி எது என்று கேட்டனராம். இலியட்டின் முதற்பகுதியில் ஹோமர் தீட்டிய ஸீயஸே என்று அவர் விடை கூறினார் என ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஸீயஸ் கரிய புருவத்தை அசைத்துத் தலைசாய்க்க, அவன் கூந்தல் புரள, ஒலிம்பஸ் மலையே அதிர்ந்தது என்னும் காட்சி அது. அமர்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 12 மீட்டர் உயரம் உடையதாய், உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாய் விளங்கிய அவ்வுருவம் பிற்காலத்தில் அழிந்துபட்டது. 1950-களில் ஜெர்மானிய அகழாய்வாளர்கள் பீடியாசின் பட்டறையைத் தோண்டியபோது, ஆடை மடிப்புக்கான சுடுமண் அச்சுகளும், ‘நான் பீடியாசுக்கு உரியேன்’ என்று அடியில் பொறித்த ஒரு சிறு கிண்ணமும் கிடைத்தன. பொன்னும் தந்தமும் போயின. அச்சிற்பியின் நெஞ்சில் தங்கிய ஹோமரின் அடிகளோ இன்றும் இருக்கின்றன.

இத்துணை கூறியதால், மனப்பாடம் ஒன்றே போதும் என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடாதீர்கள். கிரேக்கரே அதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். செனபோன் எழுதிய ‘விருந்து’ என்னும் நூலில் நைசெரட்டஸ் என்பவன் வருகிறான். மகனை நல்ல மனிதனாக்க விரும்பிய தந்தை அவனை ஹோமர் முழுவதையும் நெட்டுருச் செய்ய வைத்தார். இலியட்டையும் ஒடிசியையும் அடி பிறழாமல் தன்னால் ஒப்பிக்க முடியும் என்று அவன் பெருமை கொள்கிறான். இரண்டும் சேர்ந்தால் 27,000 அடிகளுக்கு மேல்! உடனே பக்கத்தில் இருந்தவர், தொழிலுக்காக ஓதும் பாடகர்களுக்கும் அவை முழுவதும் தெரியுமே, அவர்களைக் காட்டிலும் அறிவிலிகள் உண்டா என்று கேட்டுவிடுகிறார். பொருள் அறியாமல் ஓதுவதில் பயனில்லை என்பது சாக்ரட்டீசின் நண்பர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. செய்யுள் ஒன்றை ஒரு பிழையுமின்றிச் சொல்லி முடித்து, “இதில் பேசுவது யார்?” என்று கேட்டவுடன் விழிக்கும் மாணவர்களை நானும் கண்டிருக்கிறேன். அவர்களிடம் குறையாக இருந்தது நினைவு அன்று. அந்நினைவைத் தொட்டு எழுப்பும் ஒரு கேள்வி.

ஆனால் நெஞ்சில் நின்ற பாட்டு உயிரையே காத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. கி.மு. 413-இல் சிசிலித் தீவின் சிரக்கியூஸ் நகர்மேல் படையெடுத்த ஏதென்ஸ் சேனை அடியோடு அழிந்தது. பிடிபட்டவர்களைக் கற்சுரங்கங்களில் அடைத்தனர். பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். சிசிலி மக்களுக்கு யூரிப்பிடீசின் பாடல்கள்மீது தீராத ஆசையாம். அப்பாடல்களில் தமக்கு நினைவிருந்தவற்றைச் சொல்லிக்கொடுத்த சில அடிமைகள் விடுதலை பெற்றனர். போருக்குப் பின் வழிதெரியாமல் அலைந்தோர் சிலர் அவற்றைப் பாடி உணவும் நீரும் பெற்றனர். ஊர் திரும்பிய அவர்கள் யூரிப்பிடீசின் இல்லத்திற்குச் சென்று நன்றி கூறினர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அவ்வீரர்கள் அப்பாடல்களைப் படித்தபோது, ஒருநாள் இவை நம் பசியைத் தீர்க்கும் என்று எண்ணியா படித்திருப்பர்? இனித்தது, நெஞ்சில் நின்றது. வாளும் கேடயமும் பறிபோன இடத்தில், எவராலும் பறிக்க முடியாத பொருள் அது ஒன்றே.

பெற்றோர்களுக்கும், ஆசிரியப் பணியில் இருக்கும் இளையோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைகளுக்குக் கலையாற்றல் உண்டா இல்லையா என்று கவலைப்படுகிறோம். அது நம் கையில் இல்லை; எந்த மலைச்சாரலில், எந்த நேரத்தில் கலைமகளிர் தோன்றுவர் என்று ஆசிரியனால் அட்டவணை போட முடியாது. அவர்களுடைய தாயை வீட்டிற்கு அழைப்பது மட்டும் நம்மால் இயலும். நாள்தோறும் ஒரு நல்ல பாட்டு, ஒரு நல்ல கதை, பொருளோடும் இசையோடும் குழந்தையின் நெஞ்சில் சேரட்டும். அதனைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவன் தன் சொல்லில் அதனைத் திருப்பிச் சொல்லட்டும். மாற்றிச் சொன்னால் தடுக்காதீர்கள். அவ்தோவின் பாட்டு வளர்ந்தது போல அவன் பாட்டும் வளரக்கூடும். வளரவில்லை என்றாலும் நட்டமில்லை. துயரம் வந்த ஓர் இரவில், யாருமற்ற ஓரிடத்தில், அவனுக்குத் துணையாகச் சில அடிகள் இருக்கும்.